சிறப்புத் தேவையுள்ள பிள்ளையும் நம் வீடும்: சிங்கப்பூர்த் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் மகனுக்கு ஆட்டிசம். இப்போது பதின்ம வயதில் சிறப்புக் கல்விப் பள்ளியில் படிக்கிறான். அவனுக்கு மேலே ஓர் அக்கா. புதிதாக இந்தப் பாதைக்கு வந்திருக்கும் தமிழ்ப் பெற்றோர் என்னிடமும் மனைவியிடமும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைத் தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவரும் இல்லை, தெரபிஸ்ட்டும் இல்லை. ஆட்டிசத்தை வைத்துத்தான் அதிகம் பேசியிருக்கிறேன், ஆனால் டவுன் சிண்ட்ரோம், அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளின் வீடுகளுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும். பண உதவிகளின் தொகையும் தகுதியும் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் முன், உடற்குறை, சிறப்புத் தேவை உள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பின் ‘எனேபலிங் கைட்’ இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மகனுக்கு இரண்டரை வயது. இன்னும் பேச்சு வரவில்லை. மாமியார், “அவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான், சும்மா இரு” என்கிறார். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா?

மாமியார் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் பொறுப்பதை வரிசையில் பெயர் கொடுத்துவிட்டுப் பொறுங்கள். முதலில் பலதுறை மருந்தகத்துக்குப் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். அங்கிருந்து கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ, குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். அந்த வழியாகப் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். முதல் சந்திப்புக்கே மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் பிள்ளை மடமடவென்று பேச ஆரம்பித்துவிட்டால் சந்தோஷம், ரத்து செய்துவிடலாம்.

போகும்போது பிறந்தபோது கொடுத்த சுகாதாரப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போங்கள். எந்த வயதில் என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல் அதிலேயே இருக்கிறது. பேச்சு மட்டுமே கணக்கில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா, ஒரு பொம்மையை உங்களிடம் கொண்டுவந்து ‘இதைப் பார்’ என்பதுபோல் காட்டுகிறானா? இவற்றைத்தான் அதிகம் கேட்பார்கள். வீட்டில் விளையாடும்போது கைத்தொலைபேசியில் எடுத்த சின்னச் சின்ன வீடியோக்கள் ரொம்பவும் உதவும், ஏனென்றால் மருத்துவர் அறையில் எந்தப் பிள்ளையும் வேறு பிள்ளையாகிவிடும். காது கேட்கும் சோதனையையும் முதலிலேயே முடித்துவிடுங்கள்.

‘இபிக்’ என்கிறார்களே, அது என்ன?

ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கான ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டம். அவ்வா, எஸ்பிடி, ரெயின்போ சென்டர், தை ஹுவா குவான் போன்ற அமைப்புகள் தீவு முழுக்க நடத்துகின்றன. மருத்துவமனையின் பரிந்துரைக்குப் பிறகு இடம் ஒதுக்குவார்கள். தேவை குறைவாக இருந்தால் பாலர் பள்ளிக்கே ஆசிரியர் வந்து உதவும் திட்டமும் உண்டு. குடிமக்கள் என்றால் வருமானத்தைப் பொறுத்து மானியம் கிடைக்கும், பிள்ளையின் சிடிஏ என்ற சிறார் மேம்பாட்டுக் கணக்கில் உள்ள பணத்தையும் இதற்குப் பயன்படுத்தலாம். நிரந்தரவாசிகளுக்கும் வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கும் கணக்கே வேறு, மையத்திடம் நேரில் கேளுங்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பெயர்பெற்ற மையம் தீவின் அந்தக் கோடியில் இருக்கிறதா, சுமாரான மையம் இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி இருக்கிறதா? பக்கத்தில் இருப்பதை எடுங்கள். வாரத்தில் பல நாள், மழையிலும், தூங்கி வழியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகப்போவது நீங்கள்தான்.

“ஒரே மொழியில் பேசுங்கள், ஆங்கிலம் மட்டும் போதும்” என்று சிலர் சொல்கிறார்கள். வீட்டில் தமிழை நிறுத்திவிடவா?

வேண்டாம். இதை நான் அடித்துச் சொல்வேன். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசமோ பேச்சுத் தாமதமோ வருவதில்லை, இருப்பது மோசமாவதும் இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளையும் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வுகள் திரும்பத் திரும்ப இதைத்தான் சொல்லியிருக்கின்றன. பழைய அறிவுரை இன்னும் சிலர் வாயில் புழங்குகிறது, அவ்வளவுதான்.

வீட்டில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். ஆங்கிலம் சரளமாக வராத பாட்டி, ‘கம், ஈட், சிட்’ என்று மூன்று சொல்லோடு நிறுத்திக்கொள்வார். அதே பாட்டி தமிழில் பேசினால் “வாடா தங்கம், சோறு ஆறிப்போச்சு பாரு, அப்பளம் யாருக்கு வேணும்?” என்று அரை மணி நேரம் பேசுவார். பிள்ளைக்கு வேண்டியது இந்த அரை மணி நேரம். ஏற்கெனவே கூடப் பேச ஆள் குறைவாக உள்ள பிள்ளையிடமிருந்து பாட்டியையும் பிரித்துவிடக் கூடாது.

தெரபி மையத்தில் தரும் படஅட்டைகள் விஷயத்திலும் இதைக் கவனியுங்கள். அட்டையில் சாண்ட்விச் இருக்கும், கண்ணாடிக் குவளையில் ஆரஞ்சுச் சாறு இருக்கும். எங்கள் வீட்டில் இரண்டும் இல்லை. மனைவி எங்கள் தோசைக்கல்லில் கிடந்த தோசையை, எங்கள் எவர்சில்வர் டம்ளரை, பூஜை மாடத்தை, பாட்டி உட்காரும் நாற்காலியைப் படம் எடுத்து, அடியில் தமிழில் பெயர் எழுதி, லேமினேட் செய்து, வெல்குரோ ஒட்டி ஒரு கோப்பில் வைத்தாள். மையத்தின் அட்டைகளைத் திரும்பியும் பார்க்காதவன் தோசை அட்டையைப் பிய்த்துக்கொண்டு வந்து என் கையில் திணித்தான். பேச்சு தெரபிஸ்ட்டிடம் இதைக் காட்டுங்கள், பெரும்பாலும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வார்கள்.

பள்ளியில் தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்பது தனி விஷயம். பாடச் சுமையைப் பார்த்து அதை முடிவு செய்யலாம். அப்படி விலக்கு வாங்கினாலும் வீட்டுத் தமிழுக்கு விலக்கு வேண்டியதில்லை.

வழக்கமான தொடக்கப்பள்ளியா, சிறப்புக் கல்விப் பள்ளியா?

பாலர் பள்ளி கடைசி ஆண்டின் தொடக்கத்திலேயே இந்தப் பேச்சு வந்துவிடும். உளவியல் மதிப்பீட்டு அறிக்கை வேண்டும், அதற்கும் நேரம் பிடிக்கும். 2019 முதல் மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுள்ள சிங்கப்பூர்க் குடிமக்களும் கட்டாயக் கல்விச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். இந்தப் பிள்ளையை வீட்டோடு வைத்துக்கொள்வோம் என்று நாமாக முடிவெடுக்க முடியாது, அதற்கு விலக்கு வாங்க வேண்டும். நல்ல விஷயம்தான்.

சிறப்புப் பள்ளிகள் எல்லாம் ஒன்றல்ல. பாத்லைட் வழக்கமான பாடத்திட்டத்தையே ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஏற்ற முறையில் நடத்துகிறது. ஈடன், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆட்டிசம் பள்ளி போன்றவை அன்றாட வாழ்க்கைத் திறன்களுக்கு அதிக இடம் தருகின்றன. மைண்ட்ஸ் பள்ளிகள் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு, ஏபிஎஸ்என் பள்ளிகள் லேசான குறைபாடு உள்ளவர்களுக்கு. வழக்கமான தொடக்கப்பள்ளிகளிலும் சிறப்புத் தேவைகளுக்கான அலுவலர் இருக்கிறார்.

பெற்றோர் தயங்குவது எங்கே என்று எனக்குத் தெரியும். பள்ளியின் பெயரைச் சொன்னதும் உறவுக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காக நாற்பது பேர் வகுப்பில் பிள்ளையை உட்கார வைத்து, அவன் தினமும் வயிற்றுவலி என்று அழுவதைப் பார்த்திருக்கிறேன். எந்தப் பள்ளியில் அவனால் காலைமுதல் மதியம்வரை நிம்மதியாக இருக்க முடியும் என்று மட்டும் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

தெரபிஸ்ட் கொடுக்கும் வீட்டுப் பயிற்சிகளையெல்லாம் செய்ய முடியவில்லை. குற்றவுணர்ச்சியாக இருக்கிறது.

விட்டுத் தள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான் என்றால் அது இதுதான். வீடு தெரபி மையத்தின் கிளை ஆகிவிடக் கூடாது. அம்மா எப்போதும் அட்டையும் கையுமாக நின்றால், பிள்ளைக்கு டீச்சர்கள்தான் மிஞ்சுவார்கள், அம்மா இருக்கமாட்டாள்.

பத்துப் பயிற்சி கொடுத்தால், “இதில் இந்த மாதத்துக்கு ஒன்றே ஒன்று எது?” என்று தெரபிஸ்ட்டிடமே கேளுங்கள். அந்த ஒன்றை வீட்டில் ஏற்கெனவே நடக்கும் வேலையில் சேர்த்துவிடுங்கள். எங்கள் மகனுக்கு விரல் பலம் குறைவு. துணி காயப்போடும்போது கிளிப்பை எடுத்துத் தருவதும் மாட்டுவதும் அவன் வேலை. ஒரு சட்டைக்கு இரண்டு கிளிப், வேட்டிக்கு நான்கு. கிளிப்பை அழுத்தித் திறக்க வேண்டும், எண்ண வேண்டும், தன் முறை வரும்வரை நிற்க வேண்டும். தெரபி அறையில் வண்ணப் பிளாஸ்டிக் சாமான்களை வைத்துச் செய்வதும் இதைத்தான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே வேலை முடிந்ததும் துணி காய்கிறது, அவனால் வீட்டுக்கு ஓர் உபகாரம். (துணிக் கம்பத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவது பெரியவர் வேலை. பிள்ளையோடு செய்யும்போது வீட்டுக்குள் காயப்போடுங்கள்.) சின்ன வெங்காயம் உரிப்பது, அரிசி களைவது, சாப்பாட்டுக்கு எத்தனை தட்டு என்று எண்ணி வைப்பது எல்லாமே இப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் செய்யாதீர்கள். அவனுக்குப் பிடித்ததைச் செய்யட்டும். எங்கள் வீட்டில் அது எம்ஆர்டியில் ஏறி ஒரு வழித்தடத்தின் கடைசி நிலையம்வரை போய்த் திரும்பி வருவது. அதில் எந்தத் திறனும் வளராவிட்டாலும் பரவாயில்லை.

எல்லாம் நானே பார்க்கிறேன். கணவர் “எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா, நீயே பார்த்துக்கோ” என்கிறார்.

அவருக்குத் தெரியாது என்பது உண்மைதான். தெரிந்துகொள்ளும் வாய்ப்பு எதிலும் அவர் உட்காரவில்லை. ‘உதவி’ கேட்காதீர்கள், ஒரு வேலையை முழுசாக அவர் தலையில் கட்டுங்கள். குளிப்பாட்டித் தூங்கவைப்பது, அல்லது சனிக்கிழமை தெரபி வகுப்பு. அவர் தப்பாகச் செய்தால் குறுக்கே போகாமல் வேறு அறைக்குப் போய்விடுங்கள். இரண்டு வாரத்தில் அவருக்கென்று ஒரு முறை பிடிபடும். ஷிஃப்ட் வேலை செய்பவர் என்றால் காகித வேலையை அவரிடம் தரலாம். விண்ணப்பம், ரசீது, அடுத்த சந்திப்புத் தேதி எல்லாம் இரவு பன்னிரண்டு மணிக்கும் செய்யக்கூடியவை.

ஆண்கள் தனியாக அழுவார்கள், அல்லது கூடுதல் நேர வேலை பார்ப்பார்கள். நானும் ஆண்தான், தெரிந்துதான் சொல்கிறேன். இன்னொரு அப்பாவோடு ஒரு டீ குடிக்க அனுப்பிவையுங்கள். கவுன்சிலிங்கைவிடச் சில சமயம் அது வேலை செய்யும்.

மூத்த மகள் எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுக்கிறாள். நல்ல பிள்ளை. கவலைப்பட வேண்டுமா?

கொஞ்சம் படுங்கள். கேட்காமலே விட்டுக்கொடுக்கும் பிள்ளையிடம் நாம் இன்னும் கேட்டுக்கொண்டே போவோம். தம்பி கிழித்த நோட்டுக்குப் புது நோட்டு வாங்கித் தருவது போதாது, “உனக்குக் கோபம் வந்திருக்கும்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவள் அறையில் அவன் கை படாத ஓர் அலமாரி, பூட்டோடு. அவளோடு மட்டும் போகும் ஓர் இடம். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதும் ஆண்டில் வீட்டின் அமைதி அவளுக்கு, தம்பியைத் தூக்கிக்கொண்டு நாம் கீழே போகலாம்.

“எங்களுக்கப்புறம் தம்பியை நீதான் பார்த்துக்கணும்” என்று சின்ன வயதிலேயே சொல்லாதீர்கள். பெரியவர்கள் பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் பத்து வயதுக் குழந்தை அதைக் கணக்காக எடுத்துக்கொள்ளும்.

உறவினர்கள் பரிகாரம் சொல்கிறார்கள், ஊரில் சிகிச்சை இருக்கிறது என்கிறார்கள்.

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். கோயிலுக்கு நேர்ந்துகொள்வது உங்கள் மனதுக்கு ஆறுதல் என்றால் செய்யுங்கள். யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் ஒட்டகப் பால், ஸ்டெம் செல் ஊசி, உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கும் மருந்து என்று வருபவர்களிடம் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். ஆட்டிசத்தைக் குணப்படுத்த இவற்றில் எதற்கும் ஆதாரம் இல்லை. உலோகம் எடுக்கும் மருந்தால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து வரலாம்.

யார் பாவம், யார் கண் பட்டது, கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டாய் என்ற விசாரணை வந்தால், விசாரிக்கப்படுவது எப்போதும் மருமகள்தான். அந்த இடத்தில் பதில் சொல்ல வேண்டியவர் கணவர். “டாக்டர் சொல்லியாச்சு அத்தை, இது யார் தப்பும் இல்லை. வாங்க, சாப்பிடலாம்” என்று ஒரே வரி போதும்.

கோயில், கல்யாணம், தீபாவளி எல்லாவற்றையும் விட்டுவிட்டோம். கூட்டிப்போனால் கத்துகிறான்.

விடாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். வார நாளில், மாலை நடை திறந்த கையோடு போனால் கோயிலில் பத்துப் பேர்தான் இருப்பார்கள். பூஜை மணியும் நாதஸ்வரமும் தவிலும் தொடங்கும் முன் ஒரு சுற்று சுற்றி, திருநீறு வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். முதல் தடவை வாசலோடு திரும்பினாலும் சரி. எங்கள் மகனுக்குப் பிரச்சினை சத்தம்கூட இல்லை, கால் கழுவியபின் ஈரக்காலோடு தரையில் நடப்பதுதான் என்று தாமதமாகத்தான் புரிந்தது. ஒரு சின்னத் துண்டு எடுத்துப் போனதும் பாதித் தகராறு போய்விட்டது. உங்கள் பிள்ளைக்கு எது தடை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சத்தம், வாசனை, காத்திருப்பு, புதுத் துணியின் உறுத்தல், எதுவாகவும் இருக்கலாம்.

தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடுவரை நெரிசல். காது மூடி போட்டால்கூட எல்லாப் பிள்ளைகளாலும் முடியாது. அன்று ஒருவர் போய் வந்தால் போதும். கல்யாணம் என்றால் தாலி கட்டும் நேரத்துக்கு முன்பே போய், மணமக்கள் வீட்டாரைப் பார்த்துவிட்டு, பந்திக்கு முன் கிளம்பலாம், அல்லது பந்திக்கு மட்டும் போகலாம். தீபாவளியில் நமக்கு ஒரு வசதி உண்டு. 1972 முதல் இங்கே பட்டாசுக்குத் தடை, மத்தாப்பு மட்டும்தான். ஊரில் கொண்டாடப் போவதாக இருந்தால் அந்த வித்தியாசத்தை எண்ணிப் போங்கள்.

கண்ணைத் திருப்பினால் வெளியே ஓடிவிடுகிறான்.

கிரில் கதவில் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் இன்னொரு பூட்டு, சாவி வைக்க மாறாத ஒரே இடம், ஜன்னல் எல்லாவற்றிலும் கிரில். பிறகு பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் கீழே உள்ள மளிகைக் கடைக்காரரிடமும் பிள்ளையைக் காட்டி, “இவனைத் தனியாகப் பார்த்தால் எனக்குப் போன் அடியுங்கள்” என்று சொல்லி எண்ணைக் கொடுத்து வையுங்கள். வெட்கப்படாதீர்கள். பல பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை. காணவில்லை என்றால் முதலில் நீச்சல் குளம், கால்வாய், குளம் இருக்கும் பக்கம் ஓடுங்கள், கூடவே போலீசுக்கும் அழையுங்கள். அதற்கப்புறம்தான் மின்தூக்கி, பேருந்து முனையம். நீச்சல் கற்றுக்கொடுப்பதும் நல்லது.

பொது இடத்தில் விழுந்து புரள்கிறான், எல்லோரும் பார்க்கிறார்கள்.

பார்க்கட்டும். பேச்சைக் குறையுங்கள், இடத்தை மாற்றுங்கள், தலை இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பார்ப்பவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

பணத்துக்கு என்ன வழி?

முதலில் வருமான வரி. உடல், மனக் குறைபாடுள்ள பிள்ளைக்கான வரி நிவாரணம் 7,500 வெள்ளி, சாதாரணப் பிள்ளைக்கு 4,000. இதைக் கேட்காமலே விடுபவர்கள் நிறைய. பணிப்பெண் வைத்திருந்தால் மாதத் தீர்வை 300 வெள்ளிக்குப் பதில் சலுகையில் 60 வெள்ளி. பணிப்பெண்ணுக்கும் உங்களுக்கும் பராமரிப்புப் பயிற்சி எடுக்கத் தனி மானியம் உண்டு. பணிப்பெண்ணை அந்தப் பயிற்சிக்கு அனுப்புங்கள், இல்லாவிட்டால் அவர் பாவம், பிள்ளை கத்தாமல் இருக்கக் கையில் போனைக் கொடுத்துவிடுவார்.

வீட்டுப் பராமரிப்பு மானியம் 2019-இல் மாதம் 200 வெள்ளியில் தொடங்கியது, பிறகு உயர்த்தினார்கள். குளித்தல், உடுத்துதல், சாப்பிடுதல், கழிவறை செல்லுதல் போன்ற அன்றாடச் செயல்களில் குறைந்தது மூன்றுக்கு எப்போதும் இன்னொருவர் துணை வேண்டும் என்பது நிபந்தனை. மதிப்பிட வருபவரிடம், “அவனே பண்ணிக்குவான்” என்று பெருமையாகச் சொல்லாதீர்கள். சோப்பை எடுத்துக் கையில் கொடுத்து, ஒவ்வொரு படியையும் சொன்னால்தான் குளிக்கிறான் என்றால் அப்படியே சொல்லுங்கள்.

மகன் தேசிய சேவைக்குப் போக வேண்டுமா?

பதினாறரை வயதில் பதிவுக் கடிதம் எல்லா ஆண் பிள்ளைகளுக்கும் வரும், பயப்பட வேண்டாம். பதிவு செய்து, மருத்துவ அறிக்கைகளை இணைத்து அனுப்புங்கள். எந்தச் சேவைக்கும் உகந்தவரல்ல என்று மதிப்பிட்டால் விலக்களிப்பார்கள். கடிதத்தை ஒதுக்கிவைப்பது மட்டும் கூடாது.

எங்களுக்குப் பிறகு?

எல்லோரும் கடைசியில் கேட்பது, முதலில் நினைப்பது. பெரும்பாலான சிறப்புப் பள்ளிகள் 18 வயதோடு முடியும். பிறகு வேலைப் பயிற்சி, மேற்பார்வையோடு வேலை செய்யும் பாதுகாப்பான பணிமனை, பகல்நேர நடவடிக்கை நிலையம் என்று பிள்ளையின் திறனுக்கேற்பப் போகலாம். சிலவற்றில் வரிசை நீளம் என்பதால் 16 வயதிலேயே விசாரியுங்கள். ரெட்ஹில் பக்கம் லெங்கோக் பாருவில் இருக்கும், உடற்குறை, சிறப்புத் தேவை உள்ளோருக்கான எனேபலிங் வில்லேஜ் மையத்துக்கு ஒருமுறை நேரில் போய் வந்தால் வாய்ப்புகள் பற்றி ஒரு தெளிவு கிடைக்கும்.

21 வயதானதும் சட்டப்படி அவன் பெரியவன். வங்கிக் கணக்கோ அறுவை சிகிச்சையோ, அவனுக்காக நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. சுயமாக முடிவெடுக்கும் திறன் இல்லாத பிள்ளைக்கு, மனத்திறன் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் உங்களை ‘டெபுடி’யாக, அதாவது அவன் சார்பில் முடிவெடுப்பவராக, நியமிக்க வேண்டும். சிறப்புப் பள்ளிகள் வழியாகவே இதற்கு விண்ணப்பிக்க உதவும் திட்டம் இருக்கிறது. பள்ளி முடியும் முன்பே பேசிவிடுங்கள், வெளியே வழக்கறிஞரிடம் போனால் செலவு அதிகம்.

பணத்துக்கு இரண்டு ஏற்பாடு. 2008-இல் தொடங்கிய ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட் கம்பெனியில் 5,000 வெள்ளியோடு ஒரு பொறுப்பு நிதி திறக்கலாம், அசலுக்கு அரசாங்க உத்தரவாதம் உண்டு. எப்போது, எதற்காகப் பணம் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் இருக்கும்போதே எழுதிவைக்கலாம். இரண்டாவது, மத்திய சேம நிதியிலுள்ள சிறப்புத் தேவைகள் சேமிப்புத் திட்டம். உங்களுக்குப் பிறகு உங்கள் மசேநிப் பணம் மொத்தமாக அல்லாமல் மாதாமாதம் பிள்ளைக்குப் போகும்படி செய்யலாம். உயில் எழுதியாகிவிட்டது, போதும் என்று இருந்துவிடாதீர்கள். மசேநிப் பணம் உயிலில் சேராது, தனியாக நியமனம் செய்ய வேண்டும்.

கூடவே ஒரு நோட்டு எழுதுங்கள். அவனுக்கு எந்தச் சோறு பிடிக்கும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கோபம் வந்தால் எதைச் செய்தால் அடங்குவான், தூங்க எந்தப் போர்வை வேண்டும். எங்கள் நோட்டை மகள் பிழை திருத்துகிறாள். “அப்பா, அவனுக்கு ரசம் பிடிக்கும்னு எழுதியிருக்கீங்க, அம்மா வைக்கிற ரசம் மட்டும்தான்” என்று போன வாரம் ஓர் அடிக்குறிப்பு சேர்த்தாள்.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. தமிழில் கேட்க வழி உண்டா?

உண்டு. மருத்துவமனையில் சந்திப்புக்கு நேரம் வாங்கும்போதே தமிழ் பேசும் ஊழியர் வேண்டும் என்று சொல்லிவையுங்கள், போன அன்று கேட்டால் ஆள் கிடைப்பது சிரமம். சிண்டா என்ற சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தில் குடும்பச் சேவைப் பிரிவு இருக்கிறது, எங்கே போக வேண்டும் என்று தமிழிலேயே வழிகாட்டுவார்கள். அறிக்கைகள் ஆங்கிலத்தில்தான் வரும். புரியாத வரிகளை அடிக்கோடிட்டு அடுத்த சந்திப்புக்கு எடுத்துப் போய், “இதை எனக்குச் சாதாரணமாகச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே அந்த அறிக்கைகள் பாதிதான் புரியும்.